புது டயர் ரிம்மில் உட்காரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

டயர் ரிம்மில் ஏறிவிட்டது. காற்றும் அடிக்கிறார்கள். வரவேண்டிய இரண்டு 'டப்' சத்தம் மட்டும் வரவில்லை. அல்லது ஒன்று வந்துவிட்டு மற்றது வர மறுக்கிறது. இந்தக் கட்டத்தில் கடையில் கேட்கும் வழக்கமான குரல்: "இன்னும் கொஞ்சம் காத்து வை, தானா உக்காந்துரும்."

சேலத்தில் இந்தப் பேச்சு கூடுதல் ஆபத்து. சங்ககிரி ரோட்டிலும் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கமும் பல டயர் கடைகள் லாரியை நம்பி நடப்பவை. லாரி டயருக்கு 110, 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வேண்டும். ஆகவே கம்ப்ரஸர் டேங்க் அதற்கும் மேலே நிற்கும். அதே குழாயைக் கார் டயரில் மாட்டிவிட்டு டீ குடிக்கத் திரும்பினால், கேஜ் முள் 60-ஐத் தாண்டியது யார் கண்ணிலும் படாது.

கார் டயரை உட்கார வைக்கும்போது உச்ச அளவு 40 பிஎஸ்ஐ. சில டயர்களின் பக்கச்சுவரிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொண்டால், 40 பிஎஸ்ஐயில் அதன் ஒரு பக்கச்சுவர் மேல் மட்டும் சுமார் 5 டன் விசை நிற்கிறது. டயரின் உள்வட்ட ஓரத்துக்குள் ஓடும் பீட் கம்பி அறுந்தால் அந்த விசை எதிரே குனிந்து பார்ப்பவர் முகத்துக்குத்தான் வரும். 40-ல் உட்காராத டயருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தமில்லை. எங்கோ ஒன்று தடுக்கிறது. காற்றை முழுதும் இறக்கிவிட்டு அந்தத் தடையைத் தேட வேண்டும்.

முதலில் எது எங்கே உட்கார்கிறது

டயரின் உள்வட்ட ஓரம், உள்ளே எஃகுக் கம்பி ஓடும் தடித்த பகுதிதான் பீட். ரிம்மைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம், அதன் இருபுறமும் பீட் உட்காரும் சரிவான படி, படியின் உள்ளோரத்தில் ஒரு சிறு மேடு, வெளியே உதடு மாதிரி நிற்கும் விளிம்பு. படி சமதளம் இல்லை. விளிம்பை நோக்கி 5 டிகிரி ஏறுகிறது. காற்று பீட்டைப் பள்ளத்திலிருந்து தள்ளி, மேட்டைத் தாண்டவைத்து, சரிவில் ஏற்றி விளிம்பில் மோதவிடும்போது வருவதுதான் அந்த 'டப்'. பக்கத்துக்கு ஒன்று, ஆக இரண்டு.

பீட் கம்பி ரப்பர் மாதிரி இழுபடாது. படியின் மேல் அது இறுக்கமாக நின்றால்தான் டயர் காற்றைக் காக்கும், பிரேக் பிடிக்கும்போது ரிம்மில் வழுக்காமல் இருக்கும். அந்த இறுக்கத்துக்குள் போக வழுக்கலும் சுத்தமும் தேவை. கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த இரண்டில் ஏதோ ஒன்று குறைந்ததால் வருபவை.

கையில் இருக்க வேண்டியவை: டயர் பேஸ்ட் (பீட் வழுக்கி ஏறத் தடவும் பசை), அதைத் தடவ ஒரு பிரஷ், வால்வு பின் கழற்றும் சாவி, கம்பி பிரஷ், சோப்புத் தண்ணீர், நம்பகமான கேஜ், வால்வில் கவ்விக்கொண்டு தானே நிற்கும் காற்று முனை, பத்தடிக்குக் குறையாத குழாய். கடைசி இரண்டும் வசதிக்கு அல்ல, தள்ளி நிற்பதற்கு. காற்று ஏறும்போது சக்கரத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பீட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே விரல் வேண்டவே வேண்டாம்.

"கடைசி ஒரு ஜாண் ரிம்முக்குள்ள ஏறவே மாட்டேங்குது"

காற்றுக்கு முந்தைய பிரச்சினை இது. பலம் போதவில்லை என்று லீவரை இன்னும் நீளமாக எடுப்பார்கள். காரணம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: அங்கே பீட் பள்ளத்தில் இறங்காமல் படிமேலேயே நிற்கிறது. எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பள்ளத்துக்குள் தள்ளினால் இந்தப் பக்கம் தேவையான தளர்வு கிடைக்கும். பள்ளம் பெரும்பாலான ரிம்களில் நட்டநடுவில் இருக்காது; ஒரு விளிம்புக்குக் கிட்டே இருக்கும். அந்த விளிம்பை மேலே வைத்துத்தான் டயரை ஏற்ற வேண்டும். தலைகீழாக வைத்து வம்புக்கு இழுத்தால் பீட் கம்பி மடங்கும். மடங்கிய கம்பி அப்போது தெரியாது. காற்று அடிக்கும்போது தெரியும்.

"காத்து அடிச்சா அப்படியே வெளிய வருது, டயர் உப்பவே இல்ல"

இரண்டு பீட்டும் பள்ளத்தில் தொங்குகின்றன, சுற்றிலும் இடைவெளி. காற்று உள்ளே போகிற வேகத்தைவிட வெளியே போகிற வேகம் அதிகம். இங்கே அழுத்தத்துக்கு இன்னும் வேலை வரவில்லை, ஒரே நேரத்தில் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. 15 அங்குலக் கார் டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம். காரின் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சிறு பம்புகள் பல, ஒரு நிமிடம் முழுக்க ஓடித்தான் அந்த 30 லிட்டரைத் தரும். இடைவெளி அதை ஒரு மூச்சில் விட்டுவிடும். பஞ்சரான டயரில் காற்று ஏற்ற அந்தப் பம்ப் நல்லது. புது டயரை உட்கார வைக்க அதை நம்பாதீர்கள். டேங்க் வைத்த கம்ப்ரஸர் தேவை.

வரிசை இது:

1. வால்வுக்குள் இருக்கும் பின்னைச் சாவியால் கழற்றி விடுங்கள். பின் இல்லாத வால்வில் காற்று பல மடங்கு வேகமாகப் போகும். நிறைய டயர்கள் இந்த ஒரு வேலைக்கே மசிந்துவிடும்.
2. இரண்டு பீட்டிலும் பேஸ்ட் தடவுங்கள். இது வழுக்குவதற்கு மட்டுமல்ல, சிறு இடைவெளியை அடைக்கவும் செய்யும்.
3. சக்கரத்தைப் படுக்க வையுங்கள். கீழ் பீட் டயரின் சொந்த எடையிலேயே படியில் அமரும். டயரை இரு கையாலும் பிடித்து மேலே தூக்கியபடி திருகினால் மேல் பீட் ரிம்மைத் தொடும். தொட்ட அந்த நொடியில் காற்றைத் திறக்க வேண்டும்.
4. அதற்கும் அசையவில்லையென்றால் டயரில் சாலையைத் தொடும் ஓடுதளத்தைச் சுற்றி பெல்ட் கட்டி இறுக்குங்கள். லோடு கட்டும் ராட்செட் பெல்ட் சரியாக இருக்கும். இல்லையென்றால் தார்ப்பாய்க் கயிறும் ஒரு கட்டையும் வைத்து முறுக்கலாம். நடுவில் இறுக்கும்போது பக்கச்சுவர் இரண்டும் வெளியே விரியும், பீட் படியை நோக்கிப் போகும். டயர் லேசாக உப்பியதும், 5 பிஎஸ்ஐ கூட ஆகும் முன், பெல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடியே விட்டால் அறுந்து அடிக்கும்.
5. கடைசி ஆயுதம் பீட் பிளாஸ்டர் என்கிற சிறு டேங்க். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரே அடியாகக் காற்றைக் கொட்டும். டேங்க் உதைக்கும், இரு கையாலும் பிடிக்க வேண்டும்.

புது டயர் இப்படி ஆவதற்கு மூல காரணம் அநேகமாகக் குடோன். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல மாதம் படுத்துக் கிடந்த அடி டயரின் இரண்டு பீட்டும் ஒட்டிப்போயிருக்கும். வாங்கும்போதே பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. பீட் நெருங்கிய டயரை, மாட்டும் முன், இரண்டு பீட்டுக்கும் குறுக்கே மரக்கட்டை கொடுத்து ஓர் இரவு விரித்து வைத்தால் போதும். சேலத்து வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தாலும் ரப்பர் இளகும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் அந்த வசதி கிடையாது. டயரை முந்தைய இரவே அறைக்குள் எடுத்து வைப்பதுதான் வழி.

பெட்ரோலைத் தெளித்துக் கொளுத்தி 'டமார்' என்று உட்கார வைக்கும் வித்தையைச் செல்போன் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யார் கையிலும் இல்லை, உள்சுவர் ரப்பர் கருகும், எரியாத ஆவி உள்ளே தங்கினால் அடுத்து காற்று அடிக்கும்போது மறுபடி பற்றலாம். வேண்டாம்.

"ஒரு சத்தம் வந்துச்சு, இன்னொண்ணு வரல"

பெரும்பாலும் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் பட்டிருக்கும். காற்றை இறக்கி, உட்காராத பீட்டைப் பள்ளத்துக்குத் தள்ளி, பீட்டின் அடியிலும் வெளிப்பக்கத்திலும், ரிம்மின் படியிலும் மேட்டிலும் மறுபடி தடவுங்கள். உட்கார்ந்த பக்கத்தைக் கலைக்க வேண்டியதில்லை.

எதைத் தடவலாம் என்பதில் கடைக்குக் கடை ஒரு மதம். டயர் பேஸ்ட் முதல் தேர்வு. அது இல்லாத இடத்தில் பார் சோப்பைக் கெட்டியாகக் கரைத்துப் பயன்படுத்தலாம். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அதிலுள்ள உப்பு அலாய் ரிம்மை அரிக்கும். கிரீஸ், டீசல், பழைய இன்ஜின் ஆயில் மூன்றும் கூடவே கூடாது. ரப்பரை ஊதவைப்பது ஒரு பக்கம். காயவே காயாது என்பது பெரிய கேடு. ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒவ்வொன்றிலும் பிரேக். பிரேக் ரிம்மைப் பிடிக்க, எண்ணெய் தடவிய பீட் அதன் மேல் வழுக்கி ஓடிவிடும். பேலன்ஸ் போகும், சில சமயம் காற்றும் போகும்.

"சுத்தியும் உக்காந்துருச்சு, ஒரு கை அகலம் மட்டும் உள்ள வாங்கி இருக்கு"

அதிகம் கவனிக்காமல் விடப்படும் பிழை இதுதான். டயர் காற்றைக் காக்கும், வண்டியும் ஓடும். ஆனால் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீல் பேலன்ஸுக்குப் போனால் எடைமேல் எடையாக ஒட்டுவார்கள், நடுக்கம் போகாது. குறை எடையில் இல்லை, டயரே வட்டமாக உட்காரவில்லை.

கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். பக்கச்சுவரில், ரிம் விளிம்பை ஒட்டி, சுற்றிலும் ஒரு மெல்லிய மேட்டுக்கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணால் தெரியவில்லையென்றால் நான்கு இடத்தில் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே மறுபடி கழற்றுங்கள். கோடு எங்கேயாவது விளிம்புக்குக் கீழே முழுகி மறைந்திருந்தால் அளக்கவே தேவையில்லை. சக்கரத்தைத் திருப்பி உள்பக்கமும் பாருங்கள். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மாட்டுவது நம் ஊர் வழக்கம்.

இனிக் காரணம். அந்த ஒரு கை அகலத்தில் பேஸ்ட் படாமல் காய்ந்திருக்கலாம். பழைய டயரின் ரப்பர் படியில் தோலாக ஒட்டியிருக்கலாம். ஸ்டீல் ரிம்மில் துரு உப்பி நிற்கலாம். மலையில், எஸ்டேட் ஷெட்டுக்கு வெளியே மழையிலும் பனியிலும் நிற்கும் வண்டிகளுக்கு இந்தத் துரு சகஜம். குழியில் இடித்து ரிம் விளிம்பு உள்ளே மடங்கியிருக்கலாம். டயரின் பீட்டே மடங்கியிருக்கலாம். குறை எதில் என்று பிரித்தறிய ஒரு சோதனை: பீட்டைப் பிரித்து, டயரை ரிம்மில் கால் சுற்று திருப்பி, பேஸ்ட் தடவி மறுபடி காற்று வையுங்கள். குழிந்த இடம் டயரோடு சேர்ந்து நகர்ந்தால் குறை டயரில். ரிம்மின் அதே இடத்தில் நின்றால் குறை ரிம்மில். எங்குமே குழிவில்லை என்றால் பேஸ்ட்தான் பிரச்சினை, வேலை முடிந்தது.

குறை ரிம்மில் என்றால் டயரை முழுதாகக் கழற்றுங்கள். ஸ்டீல் ரிம்மைக் கம்பி பிரஷால் தேய்த்து, எமெரித் தாளால் வழித்து, ஒரு மெல்லிய கோட் பிரைமர், நன்றாகக் காயவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஆசைப்பட்டு இரண்டு மூன்று கோட் பெயின்ட் அடித்தால் படி தடித்துப் பீட் இன்னும் இறுகும். அலாய் ரிம்மில் கம்பி பிரஷ் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும். கிரைண்டர் டிஸ்க்கை எடுப்பவரிடம் ரிம்மைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

குறை டயரில் என்றால் பீட்டை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் முழங்கை மாதிரி மடிப்பு தட்டினாலோ, ரப்பர் கிழிந்து கம்பி தெரிந்தாலோ அந்த டயர் முடிந்தது. லீவர் போட்டபோது ஆனதா, கம்பெனியிலிருந்தே வந்ததா என்ற சண்டை பிறகு. அதில் மறுபடி காற்று மட்டும் அடிக்கக் கூடாது.

"நாப்பது வச்சாச்சு, ரெண்டு பக்கமும் அசையல"

நிறுத்துங்கள். காற்றை முழுதும் இறக்கிய பிறகு கிட்டே போங்கள். எண்களைப் படியுங்கள், இரண்டையும்.

ரிம்மில் 5.5ஜே×15 போல அச்சிருக்கும்: அகலம் ஐந்தரை அங்குலம், விட்டம் 15. டயரில் 'ஆர்' எழுத்துக்குப் பின்னுள்ள எண் அதே 15 ஆக இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு வகை ரிம் கிடக்கும்போது குழப்பம் வரும். ஸ்விஃப்ட்டில் சில மாடலுக்கு 165/80 ஆர்14, சிலதுக்கு 185/65 ஆர்15. பழைய ஜீப்புக்கு 16, பொலிரோவுக்கு 215/75 ஆர்15. பெரிய விட்ட டயர் சின்ன ரிம்மில் சிரமமே இல்லாமல் ஏறிவிடும். அந்தச் சுலபம்தான் எச்சரிக்கை. அது எத்தனை பிஎஸ்ஐ வைத்தாலும் உட்காராது.

அகலமும் பாருங்கள். 185/65 ஆர்15-க்கு 5 முதல் 6.5 அங்குல ரிம், 195/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7 அங்குலம். அழகுக்காக 8 அங்குல அலாய் வாங்கி அதில் 195-ஐ இழுத்து மாட்டினால், பீட் இரண்டும் படியைத் தொடவே நீண்ட தூரம் போக வேண்டும். அதற்கு வைத்தியம் டயர் கடையில் இல்லை, ரிம் கடையில்.

எண் இரண்டும் பொருந்தினால், மிச்சம் காய்ந்த பீட் அல்லது குளிர்ந்து விறைத்த ரப்பர். பேஸ்டைக் கஞ்சத்தனம் இல்லாமல் தடவி, டயரை ரிம்மில் இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். பெரும்பாலான டயர்கள் 20-க்கும் 35-க்கும் நடுவே உட்கார்ந்துவிடும்.

"உக்காந்துருச்சு, ஆனா காலையில பாத்தா காத்து இல்ல"

30 பிஎஸ்ஐயில் வைத்து, சோப்புத் தண்ணீரை வால்வு வாயில், வால்வு அடியில், இரு பக்க விளிம்பிலும், அலாய் என்றால் ஆரங்களின் (ஸ்போக்) அடியிலும் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மெதுவான கசிவு உடனே குமிழ் விடாது, நுரை மாதிரி சேரும்.

வால்வு வாயில் குமிழ் என்றால் பின்னை இறுக்குங்கள் அல்லது மாற்றுங்கள். வால்வு அடியில் என்றால் ரப்பர் வால்வு முழுதையும் மாற்ற வேண்டும்; புது டயருக்குப் பழைய வால்வோடு போவது சில ரூபாய் மிச்சம், இரண்டாம் முறை கழற்றும் கூலி நஷ்டம். விளிம்பில் குமிழ் என்றால் துரு, மண், அல்லது மாட்டும்போது சிக்கிய பழைய ரப்பர்த் துணுக்கு. ரிம் சுத்தமாகாமல் பீட் சீலர் என்கிற அடைப்புப் பசையைப் பூசுவது ஓட்டைக் கூரைக்குப் பெயின்ட் அடிப்பது போலத்தான். ஆரத்தின் அடியில் குமிழ் வந்தால் ரிம் விரிசல்; அந்த ரிம்மை மலையில் ஓட்டாதீர்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் ஒன்று கேட்பதுண்டு: சேலத்தில் 33 வைத்தால் மேலே போனதும் மாறுமா என்று. உயரம் 1,500 மீட்டர் என்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கேஜ் 2 பிஎஸ்ஐ வரை கூடக் காட்டப் பார்க்கும். குளிர் அதில் ஒன்று, ஒன்றரையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது அற்பம். மேலே போன மறுநாள் 4, 5 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் மலையைக் குறை சொல்லாமல் சோப்புத் தண்ணீரை எடுங்கள்.

எஸ்டேட் ஜீப்: ட்யூப் போட்ட 6.00-16

இங்கே 'டப்' சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே சிக்கும் காற்றும், ட்யூப் மடிப்பும்தான் தொந்தரவு. டயருக்குள் பவுடர் தூவி, ட்யூபில் உருவம் வரும் அளவு மட்டும் காற்று வைத்து உள்ளே விடுங்கள். டயர் ஏறியதும் காற்று வைத்து, முழுதும் இறக்கி, மறுபடி வையுங்கள். இந்த இரண்டாவது காற்றில்தான் மடிப்பு விரியும். வால்வு சாய்ந்து நின்றால் ட்யூப் இழுபடுகிறது. அப்படியே விட்டால் வால்வு அடியில் கிழியும்.

உட்கார்ந்த பிறகு

பின்னை மாட்டி, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைக் கொண்டு வாருங்கள். உட்கார வைத்த 38-லோ 40-லோ விட்டுவிடக் கூடாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், வால்வுக்கு நேரே வரட்டும். பிறகு பேலன்ஸ். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றில், கையேட்டில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவு) இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

வால்வுக்கு நேரே டயரிலும் ரிம்மிலும் சாக்பீஸால் ஒரே கோடு போடுங்கள். பேஸ்ட் முழுதாகக் காய ஒரு நாள் ஆகும்; அதற்குள் வளைவில் பிரேக்கை மிதித்து இறங்க வேண்டாம். மறுநாள் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் டயர் ரிம்மில் ஓடியிருக்கிறது என்று பொருள். பேலன்ஸை மறுபடி எடுங்கள், கடைக்காரர் எதைத் தடவினார் என்றும் கேளுங்கள்.